ஸ்மிதா மிஸ் சொல்லித் தருகிறார்

கரமனை அக்ரஹாரத்தில் பிறந்து நர்ஸ் வேலைக்குப் போனவள் என்றால் அந்தத் தெருவில் ஸ்மிதா ஒருத்திதான். "நம்மாத்துப் பொண்ணு போயும் போயும் ஊரார் மூத்திரத்தை அள்ளறதா?" என்று ஓர் அத்தை அங்கலாய்த்தபோது, "நாளைக்கு நீங்க படுத்தாலும் நான்தான் வந்து அள்ளணும் அத்தை, பார்த்துப் பேசுங்கோ" என்று பதினெட்டு வயதில் சொன்னவள். அதற்கப்புறம் அவளிடம் யாரும் வாயைக் கொடுக்கவில்லை. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கை மட்டும் நிதானமாக வேலை செய்துகொண்டிருக்கும். பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ஐ.சி.யூ.வில் வருஷக்கணக்காக இருந்தாள். அவள் டியூட்டியில் இருக்கிற நாளில் டாக்டர்கள் நிம்மதியாகக் கான்டீனுக்குப் போவார்கள்.

அப்பேர்ப்பட்டவளின் வீட்டில்தான் இடி விழுந்தது. கணவர் மஹேஷ் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அதிகாரி. சாப்பாட்டு ராமன், அதைவிடப் பெரிய வாயாடி. போன வருஷம் ஓணம் லீவு முடிந்து ஆபீஸுக்குக் கிளம்பியவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சரிந்தார். உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. "அது, அது" என்ற ஒரு சொல் மட்டும் நாக்கில் மிஞ்சியது. பசித்தாலும் "அது", வலித்தாலும் "அது". எல்லாவற்றையும்விடப் பெரிய தொந்தரவு தொண்டை. விழுங்கும் தசைகள் பாதிதான் வேலை செய்தன. ஒரு வாய்த் தண்ணீர் வழி தப்பினால் நேரே நுரையீரலுக்குப் போகும். அங்கே சீழ் பிடித்தால் ஆள் தேறுவது சந்தேகம். ஐ.சி.யூ.வில் அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேரை ஸ்மிதா தன் கையால் துணி சுற்றி அனுப்பியிருக்கிறாள்.

மூக்கில் குழாய் போட்டுவிடலாம் என்றார்கள். அவள் ஒப்பவில்லை. "பேச்சும் போச்சு, நடையும் போச்சு. ருசியையாவது விட்டு வைங்கோ அவருக்கு" என்று டாக்டரிடம் சண்டை பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். தானே ஊட்டினாள். நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, தாடை நெஞ்சைத் தொடும்படி தலையைக் குனிய வைத்து, கூழ் பதத்தில் மசித்ததை அரை ஸ்பூன். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று விரல் வைத்துப் பார்த்த பிறகே அடுத்த அரை ஸ்பூன். சாப்பிட்டு முடித்தாலும் உடனே படுக்க விடமாட்டாள். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். ஆகட்டுமே! மஹேஷ் உயிரோடு இருந்தது அந்த நிதானத்தின் தயவில்தான்.

நைட் டியூட்டிக்கு இனிப் போக முடியாது என்று ஆனபோதுதான் ஆரியசாலை வேலை வந்தது. மொத்த மளிகைக் கடை ஒன்றின் மாடியில் ஒரு கம்யூனிட்டி காலேஜ். கீழே மிளகாய் மூட்டை இறங்கினால் மேலே வகுப்பு முழுக்கத் தும்மும். தையல், ஏ.சி. மெக்கானிக், வீட்டுக்குப் போய் நோயாளியைக் கவனிக்கிற ஹோம் கேர் என்று சில மாதப் படிப்புகள். ஹோம் கேர் வகுப்பை ரொம்ப காலமாக நடத்தி வந்தவள் ரத்னாபாய் என்ற பாறசாலைக்காரி. வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவள். பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது.

"மேடம் சும்மா வந்து இருந்தா மதி, அது போதும்," என்றார் காலேஜ் டைரக்டர் ஜெயகுமார். சலவைச் சட்டை, சிரித்த முகம், இரண்டு கையிலும் இரண்டு போன். "மேலே இருந்து புது விதி வந்திருக்கு. நர்ஸிங் டிகிரியும் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷனும் உள்ளவங்கதான் இனி ஹோம் கேர் டீச்சர். ரத்னா சேச்சிக்கு ரெண்டும் இல்ல. நீங்க டீச்சர், அவங்க உங்களுக்கு ஹெல்ப்பர். கிளாஸ் எப்பவும் போல அவங்க எடுப்பாங்க. ஒரு பிரஸ்னமும் இல்ல."

அதாவது, இன்னொருத்தி வேகவைத்த சோற்றுக்கு இவள் பேர் போட வேண்டும். ஸ்மிதாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் வீட்டுக்குப் பக்கம், பகல் வேலை, மத்தியானம் ஓடிப்போய் மஹேஷுக்கு ஊட்டிவிட்டு வரலாம், சாயங்காலமும் ஊட்டத் திரும்பிவிடலாம். சரி என்றாள்.

முதல் நாள் ரத்னாபாய் இடுப்பில் கை வைத்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்கோ சிஸ்டர். எனக்க கசேரய, இந்த நாக்காலிய எடுக்க வந்த ஆள் நீங்கதானா?"

"நாற்காலி எனக்கு வேண்டாம் சேச்சி. எனக்கு நின்னுண்டே பழக்கம்," என்றாள் ஸ்மிதா, முகம் சிவந்து.

ரத்னாபாய் பெரிதாகச் சிரித்தாள். "அப்போ இருங்கோ. கத்துக்கிட்டுப் போங்கோ." மரியாதை அன்றோடு சரி. மறுநாளிலிருந்து "பிள்ளே" என்றுதான் கூப்பிட்டாள்.

ரத்னாபாயின் வகுப்பு மாதிரி ஒரு வகுப்பை ஸ்மிதா கண்டதில்லை. கைகழுவுதல், விரிப்பு மாற்றுதல் போன்ற சாதாரண வேலைகளை நேராகச் சொல்லித் தந்துவிடுவாள். உயிர் போகிற விஷயம் வந்தால் முறையே வேறு. முழுக்கத் தப்பாகவே செய்து காட்டுவாள். பிளாஸ்டிக் பொம்மை நோயாளிக்கு அப்பச்சன் என்று பேர். அவரை மல்லாக்கக் கிடத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, பெரிய கரண்டியால் கஞ்சியை ஊற்றுவாள். "தலையப் பொறத்த சாச்சு வைக்கணும், அப்பத்தான் வாய் நல்லா தெறக்கும். எறங்கலியா? மேல ஒரு தம்ளர் தண்ணி விடு. தொண்டயக் கழுவிக்கிட்டுப் போவும்." முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. சத்தியம் பண்ணுகிறவள் மாதிரி சொல்வாள்.

ஒவ்வொரு தப்புக்கும் வகுப்பு கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கத்த வேண்டும். "தப்பு! அப்பச்சன் செத்தாச்சு!" யாரும் கத்தாமல் விட்டால், "எல்லாருமாச் சேந்து அந்த மனுசனக் கொன்னுட்டியளே, வெளங்காதவளுவளே" என்று பிடிபிடியென்று பிடிப்பாள். சரியான முறையை அவள் வாயால் சொல்லவே மாட்டாள். மாணவர்கள்தான் ஒவ்வொருவராக எழுந்து சொல்லி, செய்தும் காட்ட வேண்டும்.

"நீங்களே சரியாச் சொல்லிக் குடுத்தா என்ன சேச்சி?" என்று ஸ்மிதா கேட்டாள்.

"நான் சொன்னா அவளுவ காதோட போவும். அவளுவளே சொன்னா கையில நிக்கும்."

முதலில் இது என்ன கூத்து என்றுதான் ஸ்மிதாவுக்குத் தோன்றியது. பத்து நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தபோது, இவர்கள் ஒருவரும் எந்த வீட்டிலும் படுக்கவைத்து ஊட்ட மாட்டார்கள் என்று புரிந்தது. கத்திக் கத்தியே அது உடம்பில் ஏறியிருந்தது. அவளும் கூடச் சேர்ந்து கத்தத் தொடங்கினாள்.

அப்போதுதான் ஜெயகுமார் விழிஞ்ஞத்திலும் நெய்யாற்றின்கரையிலும் இரண்டு சென்டர் திறந்தார். மூன்று இடத்துக்கும் பட்டம் உள்ளவள் ஒருத்திதான். விதியோ பட்டம் உள்ளவர்தான் கற்பிக்க வேண்டும் என்கிறது. மனிதர் அசரவில்லை. எங்கேயோ போய் ஒரு ஏ.ஐ. கம்பெனிக்காரர்களைக் கூட்டி வந்தார். ரத்னாபாயின் கழுத்தில் சின்ன மைக் ஒன்றை மாட்டி வகுப்புகளைப் பதிவு செய்தார்கள். ஸ்மிதாவை ஓர் அறையில் உட்கார வைத்து ஏதேதோ வாசிக்கச் சொல்லி அவள் குரலை எடுத்தார்கள். பாடம் ரத்னாபாயுடையது, குரலும் முகமும் ஸ்மிதாவுடையது. சந்தேகம் கேட்டால் பதிலும் சொல்லும், எந்நேரமும் சொல்லும். போனில் போட்டுக்கொள்ளும் அந்த ஆப்புக்கு "ஸ்மிதா மிஸ் சொல்லித் தருகிறார்" என்று பேர் வைத்தார்கள்.

அடுத்த வாரமே ஹெல்ப்பர் வேலை தேவையில்லை என்று ஆயிற்று. ரத்னாபாய் ஏப்ரனைக் கழற்றி அப்பச்சன் மேல் போட்டாள். "எனக்க வாய எடுத்தாச்சு. இனி ஆள் எதுக்கு?" என்றாள். ஸ்மிதாவைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். ஆஸ்பத்திரியில் சீஃப் டாக்டரையே எதிர்த்துப் பேசியவள், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றாள். வேலை போய்விடுமோ என்ற பயம்தான், வேறென்ன. அந்த வெட்கம் அவளைவிட்டுப் போகவே இல்லை.

விதியில் இன்னொரு வரியும் இருந்தது. மெஷின் தயாரித்த பாடம் எதுவானாலும் பட்டம் உள்ள ஆசிரியர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். நல்ல விதிதான், யார் இல்லையென்றார்கள்! மறுநாள் இன்ஸ்பெக்ஷன் என்ற நிலையில் ஜெயகுமார் லேப்டாப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். கைகழுவுதல் பார்த்தாள், சரி. விரிப்பு மாற்றுதல், சரி. காய்ச்சல் பார்ப்பது, சரி. மஹேஷுக்கு ஊட்டப் போகிற நேரம் நெருங்கியது. ஜெயகுமார் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தார். "மேடம், நீங்க இருந்து கேட்ட கிளாஸ்தானே? ஒரு கிளிக், அவ்வளவுதான்."

அதுதான் உண்மையும்கூட. எல்லாம் அவள் உட்கார்ந்து கேட்ட வகுப்புகள். உணவூட்டும் பாடம் என்று நினைத்தால் அவள் மனதில் வந்தது அந்த வகுப்பு முழுசும்தான், அத்தனை பேர் கத்தலோடும் சேர்த்து. மற்றப் பாடங்களைத் திறக்காமலே எல்லாவற்றுக்கும் சேர்த்து "அப்ரூவ்" அழுத்தினாள். பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

புது கோஷ்டி ஆப்பை வைத்தே படித்தது. ஸ்மிதா மூன்று ஊருக்கும் மாறி மாறி அலைந்து, நாடி பார்ப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் சொல்லித் தந்தாள். மீதியை மெஷின் பார்த்துக்கொண்டது. அந்த கோஷ்டியில் வந்தவர்தான் மைதீன். கடையநல்லூர்க்காரர், வயது ஐம்பதைத் தாண்டியவர். தம்பானூர் ஹோட்டல் ஒன்றில் காலமெல்லாம் பரிமாறி, முழங்கால் தேய்ந்த பிறகு இந்தப் படிப்புக்கு வந்தார். பதமான கை, பேச்சும் பதம். மத்தியானம் வீட்டுக்கு ஓடி வர முடியாமல் போகவே, ஸ்மிதா அவரையே மஹேஷுக்கு வைத்துக்கொண்டாள். அக்ரஹாரம் முணுமுணுத்தது. "சாயபு கையால கஞ்சியா?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டாள். "நீங்க வந்து ஊட்டறேளா மாமி? நாளையிலேந்து வாங்கோ," என்றாள் ஸ்மிதா. மாமி கதவைச் சாத்திக்கொண்டாள்.

எப்படி ஊட்ட வேண்டும் என்று பக்கத்தில் நின்று அவருக்குக் காட்டிக் கொடுத்தாள். முதல் மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. "என்ன சந்தேகம்னாலும் என்னைக் கேளுங்கோ பாய். நீங்களா எதையும் பண்ணாதேங்கோ," என்று தினமும் சொல்லிவிட்டுப் போவாள். மைதீனும் சொன்ன சொல் மீறாதவர்.

மழை தொடங்கியபோது மஹேஷுக்கு இருமலும் தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். ராத்திரி வரை கொர்கொர் என்று நெஞ்சில் நிற்கும். ஈரக்காற்று என்று நினைத்தாள். பிறகு சாயங்காலங்களில் லேசான சூடு. கன்னம் ஒட்டிப்போனது. கிண்ணத்தோடு மைதீன் அறைக்குள் வந்தால் மஹேஷ் பல்லை இறுகக் கடித்துக்கொள்வதாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளே ஊட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை, இருமலும் வராது. "பார்த்தேளா பாய், என் கையால குடுத்தாத்தான் இவருக்கு எறங்கறது," என்றாள். சொல்லும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"ஆமா மிஸ்," என்றார் மைதீன். "உங்க கொரலு கேட்டாலே சார் கட்டில டப்பு டப்புன்னு தட்டுதாரு. எடது கையால. ஆசை போலுக்கு."

ஸ்மிதா சிரித்தாள். ஐயோ, சிரித்தாள்! எந்தக் குரல், அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் அது எப்படிக் கேட்டது என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றவில்லை. மஹேஷ் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது," என்றார். கையை நீட்டி மைதீனின் சட்டைப் பையைக் காட்டினார். "அது, அது, அது." கண்ணில் தண்ணீர் நின்றது. பக்கவாதக்காரர்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், அவள் படித்திருக்கிறாள். முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அன்று ராத்திரி ஸ்டெதஸ்கோப்பை எடுத்து முதுகில் வைத்துக் கேட்டாள். வலது பக்கம் அடியில் ஏதோ நொறுங்குகிற மாதிரி சத்தம். மறுபடியும் வைத்துக் கேட்டாள், அதே சத்தம். மறுநாள் காலை மைதீனைப் பிடித்துக்கொண்டாள். "பாய், உண்மையைச் சொல்லுங்கோ. சொன்னபடிதானே ஊட்டறேள்?"

"மிஸ், அல்லா சத்தியமா நீங்க சொன்னபடிதான் குடுக்கேன். ஒரு எழுத்து மாறல."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. சாயங்காலம் எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு அவள் ஆரியசாலைக்குப் போனாள்.

மத்தியானம் ரத்னாபாயின் போன் வந்தது. மாதக்கணக்கில் பேசாதவள். எடுத்ததும் திட்டுத்தான். "எம்மா, நீ என்னத்துக்கு நர்ஸுக்குப் படிச்சே? கண்ணு பொட்டையா உனக்கு?"

"என்ன சேச்சி? என்ன ஆச்சு?"

"பக்கத்து வீட்டுப் புள்ள உனக்க காலேஜ்ல சேந்திருக்கா. இப்போ போனைத் தெறந்து வச்சுப் படிச்சுக்கிட்டிருக்கா. நான் கேட்டுட்டு வாறேன். அப்பச்சனுக்குக் கஞ்சி குடுக்கது பிள்ளே! படுக்கப் போட்டு, தலையப் பொறத்த சாச்சு, மேல தம்ளர் தண்ணி விட்டு... நான் தப்பாச் செஞ்சு காட்டினதெல்லாம் உனக்க சத்தத்துல பாடமா வருது. புள்ளைங்க கத்தினது ஒண்ணுமே இல்ல. எனக்க கழுத்து மைக்குல எனக்க பேச்சு மட்டும்தானே விழுந்திருக்கும்! நீ பாத்துத்தானே ஒத்துக்கிட்டே? பாத்தியா இல்லியா?"

காலையில் மைதீன் சொன்னது ஸ்மிதாவின் காதில் திரும்பி வந்தது. நீங்க சொன்னபடிதான் குடுக்கேன் மிஸ். ஒரு எழுத்து மாறல. போன் இருந்த சட்டைப் பையைக் காட்டிய மஹேஷின் கை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். வீட்டில் மஹேஷுக்குச் சாப்பாட்டு வேளை.

மைதீனைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும். எடுக்கவில்லை. பையும் குடையும் மேஜையிலேயே கிடக்க, படியில் இறங்கினாள். செருப்பின் வார் அறுந்தது, உதறிவிட்டு ஓடினாள். மூட்டை லாரிகள் அடைத்துக்கொண்டு நின்ற தெருவில் ஓர் ஆட்டோவைப் பிடித்தாள். கிள்ளிப்பாலத்தில் டிராபிக். ஆட்டோவில் இருந்தபடியே ஜெயகுமாருக்குப் போன் போட்டு, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். "அந்தப் பாடத்தை எடுங்கோ, இப்பவே எடுங்கோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார்.

வாசல் கதவைத் திறந்தபோதே குரல் கேட்டது. அவளுடைய குரல்தான். அன்பான குரல், ஒரு பதற்றமும் இல்லாதது. "இறங்கவில்லையா? பயப்பட வேண்டாம். மேலே ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். தொண்டையைக் கழுவிக்கொண்டு போய்விடும்."

கட்டில் தலைமாட்டில் போனைச் சாய்த்து வைத்திருந்தார் மைதீன். மஹேஷ் மல்லாக்கக் கிடந்தார். தலை பின்னால் தொங்கியது. இடது கை கட்டிலைத் தட்டவில்லை. விரல்கள் விரிப்பைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. உதடு நீலம். மைதீனின் கையில் தம்ளர் சாய்ந்திருந்தது.

"நிறுத்துங்கோ!"

மைதீன் போனைப் பார்த்தார், வாசலில் நின்ற அவளைப் பார்த்தார். எந்த மிஸ் சொல்வதைக் கேட்பது என்று அவருக்கு ஒரு கணம் தெரியவில்லை. அந்த ஒரு கணத்தில் தண்ணீர் போய்விட்டது.

அப்புறம் அவள் செய்ததெல்லாம் ஐ.சி.யூ. கைகள் செய்தவை. கவிழ்த்தாள், வாயில் விரலைவிட்டு வழித்தாள், முதுகில் அறைந்தாள், ஆம்புலன்ஸுக்கு மைதீனை ஓடச் சொன்னாள். மூச்சு வந்தது, அரைகுறையாக. வழி நெடுக அவள் மஹேஷின் தாடையைப் பிடித்துக்கொண்டே போனாள். பழைய ஆஸ்பத்திரி, பழைய ஐ.சி.யூ. கூட வேலை பார்த்தவர்கள் அவள் கணவரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

மத்தியானத்தில் இருந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வென்டிலேட்டர் போட்டாகிவிட்டது. பக்கத்தில் மைதீன் நின்றுகொண்டிருந்தார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்த ஒரு ஜோடி செருப்பு அவர் கையில் இருந்தது. அதை அவள் காலடியில் வைத்தார்.

"ஏன் பாய் அதைக் கேட்டேள்? என்னைக் கேட்கச் சொன்னேனே," என்றாள்.

"கூப்பிட்டேன் மிஸ். மொத மழை பெஞ்ச அன்னைக்கு. சார் உக்காரவே மாட்டேன்னு சரிஞ்சிக்கிட்டே இருந்தாரு. நீங்க நெய்யாத்தங்கரையில கிளாஸ்ல இருந்தீங்க, எடுக்கல. அதான் ஆப்ல கேட்டேன். நீங்க காட்டினது வேற மாதிரிதான், உக்கார மாட்டாதவங்களுக்கு இதுதான் மொறை போலுக்குன்னு நெனச்சேன். மெசினுன்னு எனக்குத் தெரியாதா மிஸ்? ஆனா நீங்க பாத்து ஒத்துக்கிட்டதுன்னு மொதல்லயே போட்டிருக்கு. உங்க பேரு, உங்க மொகம். பிறகு அது எப்படித் தப்பாவும்?" அவர் குரல் உடைந்தது. "சார் தட்டினதெல்லாம் வேண்டாம்னு சொன்னதா மிஸ்? நான் ஆசைன்னு நெனச்சேனே."

அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். ஐந்து மணிக்கு மேல் ஜெயகுமார் கூப்பிட்டார். எழுந்து தள்ளிப் போய் எடுத்தாள்.

"மேடம், டென்ஷன் ஆகாதீங்க. அந்த லெஸனை டெலீட் பண்ணியாச்சு. இனி அப்படி ஒரு பாடமே இல்ல."

"டவுன்லோட் பண்ணி வச்சிண்டிருப்பாளே எல்லாரும்?"

"அது அவங்கவங்க போன்ல கிடக்கும். அதுக்கு நாம என்ன செய்ய?"

"எல்லாருக்கும் மெஸேஜ் போடுங்கோ. இப்பவே. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி."

"போட்டா, நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும் மேடம். அப்ரூவ் பண்ணினது உங்க லாகின். போறது உங்க ரெஜிஸ்ட்ரேஷன். நாளைக்கு ஒரு கேஸ் வந்தா ஜெயிலுக்குப் போறதும் நீங்கதான். டாக்டர் கேட்டா, அட்டெண்டர் தப்பாக் குடுத்தான்னு சொல்லுங்க. ஹோட்டல்ல எச்சில் இலை எடுத்தவன். எல்லாரும் நம்புவாங்க. உங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

அவள் திரும்பிப் பார்த்தாள். மைதீன் ஐ.சி.யூ. கதவைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துத் துவா செய்துகொண்டிருந்தார். போனை வைத்தாள்.

கதவு திறந்தது. டாக்டர் ஸ்ரீநிவாஸ் வெளியே வந்தார். அவளோடு பல வருஷம் வேலை பார்த்தவர். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்தது. இதே முகத்தோடு அவர் எத்தனையோ பேரிடம் வந்து நின்றதை அவளே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள்.

"ரெண்டு பக்கமும் நிறைஞ்சிருக்கு சிஸ்டர். இன்னிக்கு ஒரு நாள் விஷயம் இல்ல இது, கொஞ்ச நாளாவே உள்ள போயிண்டிருக்கு. உங்ககிட்ட நான் என்ன மறைக்க? ராத்திரி தாண்டறது கஷ்டம்." மைதீனை ஒரு பார்வை பார்த்தார். "படுக்க வச்சு ஊட்டியிருக்கா. யார் குடுத்தது? இவரா?"

மைதீன் ஓர் அடி முன்னால் வந்தார். பழியை ஏற்றுக்கொள்ளத்தான் வந்தார் என்று தெரிந்தது. ஸ்மிதா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் சொல்லிக் குடுத்தபடி குடுத்தார் டாக்டர். என் பேர்ல, என் குரல்ல வந்த பாடம். நான் பார்க்காமலே ஒப்புதல் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கோங்கோ. போலீஸ் வந்தாலும் இதையேதான் சொல்லுவேன்." சொல்லி முடித்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் உள்ளே போனார்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு விளக்கு வைத்த கையோடு சாப்பாடு கொடுத்துவிடுவார்கள். கரமனையில், விழிஞ்ஞத்தில், நெய்யாற்றின்கரையில், பேர் தெரியாத எத்தனை வீடுகளில் இப்போது கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும்!

"பாய், உங்ககூடப் படிச்சவா நம்பரெல்லாம் இருக்கா? ஒவ்வொருத்தராக் கூப்பிடுங்கோ. ஸ்பீக்கர்ல போடுங்கோ, நான் பேசறேன்."

முதல் நம்பர் அணைந்து கிடந்தது. இரண்டாவதில் ஒருவர் எடுத்து, விஷயத்தைக் கேட்டு, "என் படைச்சவனே!" என்று போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். மூன்றாவது, விழிஞ்ஞத்தில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் சபீனா. ரொம்ப நேரம் கழித்துத்தான் எடுத்தாள்.

"சபீனா, சாப்பாடு குடுத்திட்டியாமா?" என்று மைதீன் கத்திக் கேட்டார்.

"குடுத்துக்கிட்டு இருக்கேன் பாய். மழச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல, அப்புறம் கூப்பிடுதேன்." அவளுக்குப் பின்னால், அந்த வீட்டில் இன்னொரு போனிலிருந்து, அன்பான அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது: "இறங்கவில்லையா? பயப்பட வேண்டாம்."

"சபீனா, ஊத்தாதே! நான் ஸ்மிதா பேசறேன், ஊத்தாதே!"

"யாரு, மிஸ்ஸா?" என்றாள் சபீனா, சிரித்துக்கொண்டே. "மிஸ்ஸு இங்கதான சொல்லித் தந்துக்கிட்டு இருக்காங்க."

லைன் துண்டித்துப் போனது. மைதீன் மறுபடி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.